கடலடியில் மூன்று சுற்று

முதல் முறை அது வந்தபோது
வண்டியில் நானூறு ரொட்டிகள் இருந்தன.
ஃபாரோ தீவுகளில், கடலுக்கடியில் குடைந்த சுரங்கம்.
பாதி வழியில்
என் நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்தினார்கள்.
கை மரத்தது. நாக்கு காய்ந்தது.
தலைக்கு மேல் எவ்வளவு தண்ணீர் என்று
யாரும் கேட்காத கணக்கை
மனசு தானாகப் போட்டது.

டோர்ஸ்ஹவ்ன் மருத்துவமனையில்
மார்பெங்கும் கம்பிகளை ஒட்டி
என் இதயத்தைக் காகிதத்தில் கிழித்துத் தந்தார்கள்.
"ஒன்றுமில்லை, குதிரை இதயம்."
ஒன்றுமில்லாத ஒன்று
எப்படி ஓர் ஆளை இப்படி உலுக்கும்?
நல்ல சேதியைக் கையில் பிடித்துக்கொண்டு
வாகன நிறுத்தத்தில் நின்று அழுதேன்.

பிறகு பழைய மலைப்பாதை.
ஒரு மணி நேரம் கூடுதல்;
ஆடுகள், மூடுபனி, ஆறிப்போன ரொட்டி.
"டீசல் என்ன மழையாகவா பெய்கிறது?" என்றார்
முதலாளி ஹல்வ்தான்.
நான் சுரங்கத்தை விட்டேன். அது என்னை விடவில்லை.
அடுத்து லிஃப்டை விட்டேன்.
தேவாலயத்தில் நடு பெஞ்சை விட்டேன்.
கழுத்தில் துணி கட்டுவார்கள் என்பதால்
முடிவெட்டும் நாற்காலியையும்.
தாடி எடுப்பாக இருக்கிறது என்றாள் சுன்வா,
எனக்காகச் சொன்ன பொய்.
வெந்நீரில் துவைத்த கம்பளிச் சட்டையாய்
உலகம் சுருங்கிப்போக
அதற்குள்தான் தினமும் கையை நுழைத்தேன்.

சிகிச்சையாளர் பெயர் துரித்தா.
சிறுவயதைக் கிளறுவார், அழவைப்பார் என்று போனேன்.
அவர் ஓர் உறிஞ்சுகுழலை நீட்டினார்.
"மூக்கைப் பிடித்துக்கொண்டு
இதன் வழியே ஒரு நிமிடம் மூச்சு விடுங்கள்."
பிறகு சுழல் நாற்காலியில் வைத்துச் சுற்றினார்.
கண் இருண்டது, நெஞ்சு அடித்தது.
அதே கதவு. அதே சாத்தல்.
"செத்துவிட்டீர்களா?"
"இன்னும் இல்லை."
"நூற்றுக்கு எவ்வளவு பயம்?"
"எண்பத்தைந்து."
"எழுதிக்கொள்ளுங்கள். மறுபடி."
ஐந்தாம் முறை நாற்பது.
ஏழாம் முறை சிரிப்பு வந்தது,
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது
என்று தெரியவில்லை.

ஒருநாள் பேச்சுவாக்கில் நாயைப் பற்றிச் சொன்னேன்.
கரையோரம் கடைசி வீடு.
ரொட்டி வைக்கப் போனால் குரைக்கும்.
வைத்துவிட்டுத் திரும்புவேன்.
தான் குரைத்ததால்தான் ஓடினேன் என்று
பதினோரு வருடமாக நம்புகிறது.
துரித்தா பேனாவைக் கீழே வைத்தார்.
"ஒருமுறைகூட நீங்கள் போகாமல் நின்றதில்லையா?"
நின்றதில்லை.
மலைப்பாதையில் போனதால்தான் சாகவில்லை என்று
நானும்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.
அந்த அறையில் நாய் யார் என்று
அப்போதுதான் தெரிந்தது.

நவம்பரில் சுரங்கம்.
அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள்.
இங்கே பட்டப்பகலாய் விளக்கெரிகிறது.
பேய் வெளிச்சத்திலும் வந்தது.
கடலடியில், நடுவே ஒரு ரவுண்டானா உண்டு,
பச்சையும் நீலமும் பூசிய பாறைத் தூணைச் சுற்றி.
வெளியேறும் வழி கண்ணில் பட்டதும்
எண் தொண்ணூறு. கால் துடித்தது.
பக்கத்து இருக்கையில் துரித்தா
வாய் திறக்கவில்லை.
வெளியேறாமல் சுற்றினேன்.
இரண்டாம் சுற்றில் மீன் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
குரைக்கட்டும் என்று விட்டேன்,
என் நெஞ்சையும் சேர்த்து.
மூன்றாம் சுற்றில் அறுபது.
அறுபதோடுதான் மேலே வந்தேன்;
பூஜ்யத்துக்குக் காத்திருந்தால்
இன்னும் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பேன்.

குணமாகிவிட்டதா என்று கேட்கிறார்கள்.
போன செவ்வாய்க்கிழமை
கழுத்தில் துணி கட்டியதும் வந்தது.
பாதி வெட்டிய தலையோடு எங்கே போவது?
உட்கார்ந்திருந்தேன்.
முடிவெட்டுபவர் வானிலை பற்றிக் கேட்டார்.
மழைதான் என்றேன்.

அந்தக் கடைசி வீட்டு வாசலில்
இப்போதெல்லாம் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.
குரைக்கிறது.
குரைக்கிறது.
நேற்று நடுவில்
ஒரு கொட்டாவி விட்டது.