ஒழுகாத ஓட்டை

"புகை என்ன நிறம்?"
தலவாக்கலையிலிருந்து கேட்கிறார் சந்தனம் பாஸ்,
போர்வைக்குள்ளிருந்து வரும் குரலில்.
ஹக்கலவுக்குக் கீழே மூன்றாவது முடக்கில்
இரவு இரண்டரைக்கு
எது புகை, எது மூடுபனி என்று
நான் எப்படிச் சொல்ல?
இந்தக் கல்லின் மேல் ஏறி நின்றால்தான் சிக்னல்.
இறங்கினால் அவர் இல்லை.

கெப்பட்டிப்பொலவில் ஏற்றியது
எண்பது மூட்டை கிழங்கு, அதற்கு மேலே போஞ்சி.
சமதரையில் சொன்னபடி கேட்டு வந்த டாட்டா
ஏற்றம் தொடங்கியதும்
சம்பளம் எப்போது என்று கேட்டவனுக்குப்
பதில் சொல்லும் கணக்கப்பிள்ளை மாதிரி
ஒரு சொல், ஒரு நிறுத்தம்,
இன்னொரு அரைச் சொல்,
பிறகு மௌனம்.

கிங்ஸ்லி பின்சில்லுக்குக் கல் கொடுத்துவிட்டு
டோர்ச் பிடித்தான்.
பில்டரைக் கழற்றினேன். சுத்தம்.
உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தேன்,
தண்ணீர் கலக்கவில்லை.
பைப் நெடுக விரலை ஓட்டினேன்.
குளிர்தான் ஒட்டியது, ஈரம் இல்லை.

கைப்பம்பை அமுக்கினால்
இறுக வேண்டிய இடத்தில் பஞ்சு.
ஏர் ஆணியைத் தளர்த்தினால் நுரை.
நுரை தீரும்வரை அமுக்கி, ஆணியை முடுக்கி
சாவியைத் திருப்ப,
எடுத்தது.
கிங்ஸ்லி சிரித்து முடிக்கவில்லை,
செத்தது.

மறுபடி கல்லின் மேல்.
"ஒழுகுற இடத்தத் தேடாத," என்றார் பாஸ்.
"உறிஞ்சுற பக்கம் ஓட்டைன்னா ஒழுகாதுடா.
காத்த உள்ள இழுக்கும்.
டாங்கிய மறந்திரு. கேன்ல இருந்து குடுத்துப் பாரு."

மஞ்சள் கேனைக் கண்ணாடித் தண்டில் கட்டித்
தொங்கவிட்டோம்.
ஓஸ் இறங்கியது, வார்டில் சேலைன் ஏற்றுகிற மாதிரி.
நோயாளி எழுந்து உட்கார்ந்து
ஊரெல்லாம் கேட்கப் பேசத் தொடங்கியது.
பத்து நிமிடம். ஒரு திக்கலும் இல்லை.
அப்படியென்றால் பம்ப் இல்லை,
இன்ஜெக்டர் இல்லை,
முதலாளி பயந்த எந்தச் செலவும் இல்லை.

டாங்கிக்குப் போகும் பைப்பை வாயில் வைத்து ஊதினேன்.
அந்த ருசி எனக்குப் புதிதல்ல.
டாங்கியில் காது வைத்திருந்த கிங்ஸ்லி சொன்னான்:
"குமிழுற சத்தமே இல்ல அண்ணே.
மேலால எங்கயோ உஸ்ஸுன்னு போகுது."

நான்கு ஆணி. இறங்குகுழாயை உருவி எடுத்தேன்.
நடுவில் ஒரு வளைவு,
வளைவின் முதுகில் மயிரிழை வெடிப்பு.
சமதரையில் டீசல் அதை மூடிவிடும்.
ஏறும்போது டீசல் பின்னால் சரிய,
அது வாயைத் திறக்கும்.

அந்த வளைவை எனக்குத் தெரியும்.

வரிசையில் நின்ற வருடம்.
இரண்டு பகல் மூன்று இரவு நின்று
டாங்கி நிரப்பிய அன்று
கம்பியில் ஓஸைக் கட்டி இறக்கினேன்.
உள்ளே ஏதோ தடுத்தது. நெம்பினேன்.
ஐந்து லீட்டர்.
பொரலந்தையில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறவன்
கேட்ட விலைக்கு மேலே கொடுத்தான்.
ஒரு பெட்டி பால்மா, மிச்சத்துக்கு அரிசி.
முதலாளி கேட்கவில்லை,
டீசல் முள் அப்போதே ஆடாது.

"எங்கடா ஓட்டை?"
"இறங்குகுழாய் வெடிச்சிருக்கு பாஸ்."
"அது சும்மா வெடிக்காதே."
எப்போதும் அறுந்துபோகிற சிக்னல்
அந்த நேரம் பார்த்து நான்கு கோடு காட்டியது.
"பழசுதானே," என்றேன்.
"ம்," என்றார்.
போர்வை சரசரத்தது.

வெடிப்பில் சவர்க்காரம் அப்பி,
பழைய டியூப் றப்பரைக் கீறிச் சுற்றி,
கம்பியால் இறுக்கினான் கிங்ஸ்லி.
வளைவின் மேல் பெருவிரலை வைத்து
டோர்ச் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பார்த்தான்.

ஹக்கல கோவில் வாசலில் ஒரு பல்பு.
அதைக் கடக்கும்போது கேட்டான்:
"அண்ணே, அது யாரோ நெம்புன மாதிரி இல்ல?"

முன்னால் இன்னொரு ஏற்றம்.
இரண்டாம் கியருக்கு இறக்கினேன்.
எஞ்சின் திக்கவில்லை.
கிங்ஸ்லி இன்னும் என் பக்கம்தான் திரும்பியிருந்தான்.
வாயில் டீசல்.