பன்னிரண்டாவது கால்

மரியதாஸுக்குத் திடீரென்று இரவு ஷிஃப்ட்.
அன்பியத்தில் வேறு யாரும் அகப்படவில்லை.
பெரிய வியாழன் மதியம் மூன்றரைக்கு
இக்னேசியஸ் போன் செய்கிறான்:
"அக்கா, ஒரு கால் குறையுது.
நீங்க வர்றீங்களா?"

கால் குறையுது என்று
என்னிடம் போய்ச் சொல்கிறான்.

போன ஜூலையில், பெரியாஸ்பத்திரியில்,
வலது காலில் சுண்டுவிரலையும்
அதற்கடுத்ததையும் எடுத்துவிட்டார்கள்.
பள்ளிக்கூடக் கேண்டீனில் இருபத்தாறு வருடம்
சிராப் தண்ணீர் கலக்கியவளுக்குச்
சர்க்கரை எங்கிருந்து வந்தது என்று
டாக்டர் கேட்கவில்லை.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.
ஏன் சொன்னேனோ.

கழுவப்போகும் காலை
யாராவது கழுவாமல் கொண்டுபோவார்களா?
வெதுவெதுப்பாகத் தண்ணீர், சோப்பு, பழைய டூத் பிரஷ்.
அன்று செந்தூலில்
பன்னிரண்டு வீட்டுக் குளியலறையிலும்
சீமோன்கள் இப்படித்தான் குனிந்திருப்பார்கள்.

எனக்குக் கடைசி நாற்காலி.
பக்கத்தில் ஏர்கோன் பழுதுபார்க்கும் ஃபெலிக்ஸ் வோங்.
அவருக்கப்பால் ஒரு மியன்மார்ப் பெண்,
பெயர் கேட்டேன், வாயில் நிற்கவில்லை.
வலது கால் மட்டும் என்று உபதேசியார்
மூன்று மொழியில் சொல்லியிருந்தார்.
இடதைத்தான் நீட்டுவது என்று
பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.
கடவுளுக்கு வலது இடது தெரியும்,
ஆனால் காட்டிக்கொடுக்க மாட்டார்.

ஃபாதர் டெரன்ஸ் லிம் ஆறு வருடமாகத் தமிழ் படிக்கிறார்.
லகரமும் ளகரமும் இன்னும் அவருக்கு ஒன்றுதான்.
தமிழ் முகம் கண்டால்
"காளை நீட்டுங்கள்" என்கிறார்.
நாற்காலி நாற்காலியாக
மண்டியிட்டு, எழுந்து, மண்டியிட்டு
என்னிடம் வந்து சேர்ந்தார்.

இடதை நீட்டினேன்.

ஜாடி பிடித்திருந்த பீடச் சிறுவனுக்கு ஒன்பது வயதிருக்கும்.
ஒத்திகையில் கற்றதை விடாதவன்.
"ஆன்ட்டி, ரைட்டு" என்றான்.
மைக் பக்கத்தில் இருந்தது.
பாடகர் குழு அந்த நேரம் பார்த்துப்
பக்கம் புரட்டிக்கொண்டிருந்தது.

காலுறையைக் கழற்றினேன்.

மூன்று விரல்.
மீதி இடத்தில் தண்ணீர் எதிலும் தடுக்காமல்
நேரே தாம்பாளத்தில் விழுந்தது.
மற்ற பதினோரு காலுக்கும் வராத சத்தம் அது.
ஃபாதர் ஒன்றும் சொல்லவில்லை.
குழந்தையின் காது மடிப்பைத் துடைப்பதுபோல்
தழும்பில் துண்டை ஒற்றினார்.
அந்த இடத்தில் எனக்கு உணர்ச்சி கிடையாது.
கண்ணால் பார்த்துத்தான்
தெரிந்துகொண்டேன்.

பிறகு அவரால் எழ முடியவில்லை.
பதினோரு முறை எழுந்த முட்டி
பன்னிரண்டாவதற்கு மறுத்துவிட்டது.
என் முழங்காலில் கையூன்றி
மொத்தப் பாரத்தையும் போட்டு எழுந்தார்.
தமிழ்ச் சொல் எதையோ தேடிவிட்டு
"சாரி" என்றார்.

கனமான மனிதர்.
அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

பீடத்தை வெறுமையாக்கி, விளக்கைக் குறைத்து,
நற்கருணை முன்னால்
பத்திலிருந்து பதினொன்று எங்கள் அன்பியத்தின் முறை.
ஜெபமாலையில் மூன்றாவது மணியைத் தாண்டவில்லை நான்.

கிராப் காரர் பெயர் ஃபைசல்.
கிரேஜாவில் இவ்வளவு நேரம் என்ன, கக், என்று கேட்டார்.
கால் கழுவினோம் என்றேன்.
"நாங்களும்தான், நாளைக்கு ஐந்து தடவை,"
அவருக்கு ஒரே சந்தோஷம்.
எனக்கு வேறொருவர் கழுவினார் என்றேன்.

கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார்.
"மாலு தக்?"
வெட்கமாக இல்லையா என்கிறார்.

"மாலு," என்றேன்.

ஜாலான் ஈப்போவில் சிவப்பு விழுந்தது.
காலுறையைக் கோவிலிலேயே விட்டிருக்கிறேன்.
எட்டு விரலுக்கும் ஏர்கோன் காற்று.
சிக்னல் மாற நேரமாயிற்று.