இருபத்தெட்டு இலை

வெட்டிச் சாய்த்தால் தீர்ந்தது என்றுதான்
கோழிக்கூண்டுக்குப் பின்னாலிருந்த கிராத்தோம் மரத்தை
ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்டினான் விச்சித்.
நானும் கயிறு பிடித்தேன்.
வேலிக்கு அப்பால் நின்று சுராங் கைதட்டினான்,
தட்டிவிட்டு
உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டு போனான்.

திங்கள் முழுக்கக் கொட்டாவி.
செவ்வாய், மூக்கு கண் வயிறு எல்லாம் ஒழுகின.
புதன் இரவு கால்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை.
உள்ளே யாரோ மிதிவண்டி ஓட்டுகிறார்கள் என்றான்.
பாயைச் சுருட்டினான், விரித்தான், சுருட்டினான்.
இரண்டு மணிக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு
ரப்பர் வரிசைக்குள் நான் மட்டும் போனேன்.
கத்தி என் கையில் கோணலாகத்தான் இறங்கும்.
பால் சிரட்டைக்கு வராமல் பட்டையெல்லாம் வழிந்தது.

திரும்பும்போது
சுராங்கின் படியில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தான்.
என்னைப் பார்த்ததும்
மெல்லுவதை நிறுத்தினான், துப்பவில்லை.

அன்றே போய்ச் செவிலி ஓராசாவை அழைத்து வந்தேன்.
கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, முள்ளைப் பார்த்து,
'ஒரேயடியாக நிறுத்தச் சொன்னது யார்?' என்றாள்.
திட்டுகிற குரல் இல்லை, மீன் விலை கேட்கிற குரல்.
நாளைக்கு எத்தனை இலை?
பத்து, என்றான்.
நான் கோழிகளைப் பார்த்தேன்.
பதினைந்து.
அவள் பேனாவை மூடவில்லை.
முப்பது, பதினேழு வருஷமாக.

அந்த முப்பதை மட்டும் எழுதிக்கொண்டாள்.
ஐந்து நாளைக்கு இருபத்தெட்டு. பிறகு இருபத்தாறு.
உடம்பு முரண்டினால் அந்தப் படியிலேயே நில்லுங்கள்,
மேலே மட்டும் ஏறாதீர்கள்.
சாராயம், தூக்க மாத்திரை, இருமல் மருந்து
எதுவும் கூடச் சேரக் கூடாது.
உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும்.
வலிப்பு வந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ
செத்துவிடலாம் என்று தோன்றினாலோ
எந்த நேரமென்று பார்க்காமல் கூப்பிட வேண்டும்.
பிஸ்கட் டப்பா மூடியில் எண்ணை அவளே எழுதினாள்,
மழைக்கு அழியாத மையில்.

இலை எண்ணுவது என் வேலையானது.
சின்ன இலையை ஒன்றென்று எண்ணினால் சண்டை,
பெரிய இலையை எண்ணினாலும் சண்டை.
கடைசியில் என் உள்ளங்கை அளவை வைத்துக்கொண்டோம்.
நடு நரம்பைக் கிழித்து எறிவான்,
மிச்சத்தை உப்போடு மடித்து
கோயிலில் வாங்குகிறவன்போல் இரண்டு கையாலும் வாங்குவான்.
எனக்குப் பிடிக்கவில்லை அது.

பன்னிரண்டுக்கு வந்தபோது மழை பிடித்தது.
இலை மெல்லுகிறவனுக்கு மழை பகை,
மேகம் கறுத்தாலே எலும்புக்குள் ஈரம் ஏறும் என்பார்கள்.
போர்வை மூன்று, அதற்கு மேல் அரிசிச் சாக்கு.
குளிக்கச் சொன்னால் அடிக்க வருகிறவன்போல் பார்த்தான்.
சுராங் ஒரு குப்பி இருமல் மருந்தோடு வந்தான்,
நல்ல மனதோடுதான் வந்தான்.
அதைக் கோழிக்கூண்டுப் பக்கம் கவிழ்த்தேன்.

மறுநாள் மாலை விச்சித் தானாகவே
கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கினான்.
பன்னிரண்டை அடித்தான்.
பதினெட்டு என்று எழுதி என்னிடம் நீட்டினான்.
பதினேழு வருஷத்தில் அவன் சொன்ன இலைக்கணக்கில்
குறைக்காமல் சொன்னது அது ஒன்றுதான்.
நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
சோறு ஆறுகிறது என்று மட்டும் சொன்னேன்.

ஓராசா பதினெட்டைப் பார்த்தாள்,
இரத்த அழுத்தம் பார்த்தாள்,
சரி, நாளைக்குப் பன்னிரண்டு, என்றாள்.

இப்போது நான்கு.
இரண்டு மணிக்கு இரண்டு நெற்றி விளக்குகள் போகின்றன.
மிதிவண்டிக்காரன் இன்னும் சில இரவுகளில் வருகிறான்,
வந்தால் விச்சித் எழுந்து முற்றத்தைச் சுற்றி நடக்கிறான்.
செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன்,
வேலிப் பக்கம் போகிறதா என்று.

வெட்டிய அடிமரம் துளிர்த்துவிட்டது.
செம்மண் நிறத்தில் ஏழு துளிர்,
என் உள்ளங்கை அளவுக்கு இன்னும் வரவில்லை.
அவனும் பார்த்திருக்கிறான்.
யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.