அரைப் பேர்

டிக்கோயா ஆஸ்பத்திரியில்
பதினேழாம் நம்பர் துண்டோடு உட்கார்ந்திருந்தேன்.
அன்றைக்கு எனக்குப் பேர் விழாது.

டாக்டரம்மா உடைந்த தமிழில் கேட்டார்:
அம்மா எத்தனை வயசில் இல்லாமப் போனாங்க?
அடையாள அட்டையில் அம்மா
ஜனவரி முதலாம் திகதி பிறந்தவள்.
எங்கள் லயத்தில் பாதிப்பேர் அன்றைக்குத்தான் பிறந்தார்கள்.
நாற்பதோ, நாற்பத்திரண்டோ.
மார்பில் தடித்ததை
மிலாறு குத்திய வீக்கம் என்றே
கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மாவோட பிறந்தவங்க?
ஒரு பெரியம்மா.
ஒப்பந்தத்தில் எழுதி அனுப்பிவிட்டார்கள்,
தலைமன்னாரில் கப்பலேறி, கோத்தகிரிக்கு.
நான் அப்போது பிறக்கவில்லை.
அவங்களுக்கு இந்த நோய் இருந்ததா?
தெரியாது.

கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி போட்டார்.
எல்லாருக்கும் சொல்ற வயசு ஒண்ணு,
உங்களோட வயசு வேறயா இருக்கலாம்,
விசாரிச்சு வாங்க.

புதுசா எனக்கு?
எட்டாம் நம்பர் மலையில் ஏழு நாளில் கொழுந்து திரும்பும்.
கவ்வாத்து வெட்டிய மலையை மாசக்கணக்கில் தொடக்கூடாது.
பனி கருக்கினால் அதற்கொரு கணக்கு.
கணக்கப்பிள்ளை மலைக்கு மலை பிரித்து எழுதுவார்.
ஆளுக்குத்தான் ஒரே கணக்கு:
பதினெட்டுக் கிலோ,
குறைந்தால் அரைப் பேர்.

கோயில் மேட்டில்தான் போனுக்கு உயிர் வரும்.
நீலாவதி அக்கா, இதுவரை கேட்காத குரல்.
அங்கேயும் மழையா என்றேன்.
அங்கேயும் தேயிலைதான் என்றாள்.
பிறகு கேட்டேன்.
மார்புலதான். நாப்பத்தாறுல.
எங்க பெரியக்காவுக்கும் எடுத்தாச்சு.
கொஞ்சநேரம் காற்று மட்டும்.
சித்திக்கும் அப்படியா?
இங்க டாக்டர் கேட்டாரு,
தெரியாதுன்னுதான் எழுதிக் குடுத்தோம்.

அடுத்த கிளினிக்கில்
டாக்டரம்மா கேள்விக்குறியை வெட்டிவிட்டு
46 என்று எழுதினார்.
பேர் என்ன?
அழகம்மை.
எப்படி எழுதுறது என்று கேட்டுக் கேட்டு எழுதினார்.
கப்பல் போனபின்
இந்தக் கரையில் பெரியம்மாவுக்கு விழுந்த
முழுப் பேர்.

எனக்கு முப்பத்துநாலு.
இனி வருஷம் ஒருதடவை கண்டியில் படம் பார்க்க வேண்டும்.
என்னைவிட மூத்தவள் நாத்தனார் யோகமணி,
அவளுக்கு இப்போதைக்கு வேண்டாமாம்.
அரிசி நிறுவையில் ஏமாந்தவள்போல
ஹட்டன் வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.
எனக்கு மட்டும் ஏன் இல்ல?

குடுத்து வச்சவ நீ என்று சொல்ல
வாய்வரை வந்தது.
கண்டிக்குப் போனால்
ஒரு நாள் பேர் போகும் என்று மட்டும் சொன்னேன்.