ஆறப்போட்டது

நாயோடு கப்பல் ஏறுபவரிடம்
எங்கள் மென்பொருள் கட்டணத்தை இரண்டு முறை பிடித்தது.
நான்தலியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்:
"என் நாய்க்கு ஒரே உடம்புதான்."

திருத்தம் ஒரு வரி.
திங்கட்கிழமை, முதல் காபி ஆறுவதற்குள்
பதினோரு நிமிடத்தில் இல்போ எழுதி முடித்தான்.
அது கப்பலைத் தொட நாற்பத்தொரு நாள்.
ஆறிய கஞ்சி பழங்கஞ்சி.

துர்க்குவில் பிப்ரவரி. ஔரா ஆறு
பாலத்துக்குப் பாலம் உறைந்து கிடந்தது.
காபி அறையின் நீளச் சுவரில் சையா
பழுப்புக் காகிதச் சுருளை விரித்தாள்.
அந்த ஒரு வரி போன வழியெல்லாம் அவளும் போனாள்,
மேசை மேசையாக, மூன்று மாடி,
தொலைந்த பூனையைத் தேடுகிறவள் போல.
கை வேலை செய்த நேரத்துக்கு மஞ்சள் சீட்டு.
காத்துக் கிடந்த நேரத்துக்கு நீலம்.

மஞ்சளைக் கூட்டினால் மூன்று மணி நேரம்.
நீலம் சுவர் போதாமல் கதவில் ஏறி,
கதவைத் தாண்டி
மேலங்கிகள் தொங்கும் மூலை வரை போனது.

மிக நீளமான நீலத்தின் மேல் என் பெயர்:
சோதனை, ஹெல்வி, பதினாறு நாள்.

எனக்குக் கோபம் வந்தது.
ஊரே நாலரைக்கு வீடு திரும்ப
ஏழு மணி வரை விளக்கெரித்தவள் நான்.
சையா பதில் சொல்லவில்லை, சீட்டை நேராக்கினாள்.
பேருந்தில் பாதி வழி போனபிறகே உறைத்தது:
நான் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை.
சும்மா இருந்தது வேலை.

அடுத்த நீலம் ரெய்யோவுடையது.
வியாழன்தோறும் ஒன்பது பேர், ஒன்பது கையெழுத்து.
யாரோ எண்ணிப் பார்த்தார்கள்:
ஆறு ஆண்டில் அந்தக் குழு
திருப்பி அனுப்பியது ஒன்றுகூட இல்லை.
"அப்புறம் எதற்கு?" என்றான் இல்போ,
கொஞ்சம் சத்தமாகவே.

ரெய்யோ நெடுநேரம் பேசவில்லை.
இங்கே அது வழக்கம்தான்; இது வேறு.
பிறகு சொன்னார்:
நடுக்கோடைக்கு முந்தைய நாள். புதிய பதிப்பு.
ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்கு விற்றுவிட்டோம்,
அப்படி எண்பத்து மூன்று அறை.
இரவு ஒன்பது மணி, வெயில் இன்னும் இறங்கவில்லை,
துறைமுகத்தில் நின்று
ஃபின்னிஷிலும் சுவீடிஷிலும் மன்னிப்புக் கேட்டேன்.
தலையணை கொண்டுவந்திருந்த ஒரு சிறுமி
அதை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டாள்.
நான் பிறகு கேட்டது ஒரு கையெழுத்து.
மற்ற எட்டும் தாமாகச் சேர்ந்தவை.

குழுவைக் கலைக்க வந்த நாங்கள்
அந்த வாரம் கலைக்கவில்லை.
ரெய்யோ மூன்று நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து
தன் பயங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்.
ஒவ்வொன்றையும் இயந்திரம் தானே ஓட்டிப் பார்க்கும்
சோதனையாக நான் எழுதினேன்.
பதினான்கு பயம். ஓடி முடிய ஆறு நிமிடம்.
பிறகு கையெழுத்துகள் உதிர்ந்தன,
ஒன்றிரண்டு முணுமுணுப்போடு.

என் மேசையில் மூன்றுக்கு மேல் சேரக் கூடாது.
நாலாவது வந்தால் இல்போ
புதிதாக எதையும் தொடாமல்
என்னோடு உட்கார்ந்து சோதிக்க வேண்டும்.
அவனுக்கு அது பிடிக்கவில்லை. இன்றும் பிடிக்கவில்லை.
தன் பிழையைத் தானே கண்டதும் அவன் முகம் கோணுவது
எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏப்ரலில் பனி உடைந்தது.
ஒரு செவ்வாய், சைக்கிள் கட்டணத்தில் ஒரு வரி,
காலை பத்துக்கு எழுதியது இரண்டு மணிக்குக் கப்பலில்.
யாரும் கைதட்டவில்லை.
மேலிடம் எங்கள் பழுப்புக் காகிதத்தைக்
கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியது.
இனி அதில் யாரும் சீட்டு ஒட்ட முடியாது.

சையா புதுச் சுருள் வாங்கி வந்தாள்.
இம்முறை விற்பனைத் தளத்திலிருந்து தொடங்குகிறோம்.
அங்கே இருநூறு கோரிக்கைகள்
கிணற்றில் போட்ட கல்லாக.

வியாழன் பத்து மணிக்கு ரெய்யோ
இன்னும் அந்த அறைக்குப் போகிறார்,
காபியோடு, தனியாக.
ஜன்னலுக்குக் கீழே ஆறு ஓடுகிறது.
என்ன செய்கிறீர்கள் என்று எட்டிப் பார்த்துக் கேட்டேன்.
"பதினைந்தாவதை யோசிக்கிறேன்" என்றார்.