குறிப்புரைக் கட்டம்

மாதத்தின் கடைசி ஞாயிறு. பிரசங்கம் கிடையாது.
சிற்றாலயத்தின் பின்கூடத்தில்
மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு
நெரிஸ் தன் கல்யாணப் படுக்கை விரிப்பைத்
தரையில் விரித்தாள்.
"எல்லாரும் கீழே. முட்டி மடங்காதவர்களுக்கு மட்டும் நாற்காலி.
நியாயமான ஊர் ஒன்று கட்டப்போகிறோம்.
பசை இரண்டு டப்பாதான் இருக்கிறது."

வேல்ஸ் பள்ளத்தாக்கின் மழை
வாசலோடு நிற்காது,
கூடவே உள்ளே வந்து
கோட்டு மாட்டிகளில் தொங்கும்.

முதலில் பிள்ளைகள்.
தானிய டப்பாவில் பள்ளிக்கூடம்,
அதன் மொட்டைமாடி முழுக்க நீச்சல்குளம்.
பேருந்து ஓட்டும் கெத்தின் நாற்பது நிறுத்தம் வைத்தார்,
ஒவ்வொன்றுக்கும் கூரை, ஒவ்வொன்றிலும் கழிப்பறை.
"ஓட்டுநருக்கும் மூத்திரம் வரும்" என்றார்.
போதகர் அம்மாதான் அதிகம் சிரித்தார்.

போன வருடம் எரித்திரியாவிலிருந்து வந்த யோர்டானோஸ்
வெகுநேரம் கத்தரிக்கோலையே பார்த்திருந்து
ஒரு கதவு மட்டும் வெட்டி நிறுத்தினாள்.
வீடு இல்லை. கதவு.
"தட்டினால் பேரைக் கேட்கணும். காகிதத்தை இல்லை."
பாதியைக் கையால் சொன்னாள்.

எண்பத்தோரு வயது எய்ர்லிஸ்
வாடகையில்லாத் தெரு ஒன்றை ஒட்டினாள்,
தான் குடியிருக்கும் தெருவின் பெயரையே அதற்கு எழுதினாள்.
அதில் மூன்று வீடு ஈவோருக்குச் சொந்தம்.
ஈவோர் தீக்குச்சிகளில் விளக்குக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்,
கோணல் கம்பம் ஒன்றை
மூன்று தடவை நிமிர்த்தினார்.

நான் பச்சைத்தாளில் மரம் வெட்டினேன்.
மரம் வைப்பவரை யாரும் கேள்வி கேட்பதில்லை.

பிறகு மாக்சென். வயது ஏழு,
முன்பற்கள் இரண்டும் விடுப்பில்.
விரிப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கேட்டான்:
"கரிமேடு எங்கே?"

சன்னலுக்கு வெளியே இருந்தது.
மலையின் வயிற்றிலிருந்து எடுத்ததில் வேண்டாததை
மலையின் தோளிலேயே குவித்துவிட்டு
சுரங்கத்தை மூடிக்கொண்டு போனார்கள், நாற்பது வருடம் முன்பு.
இப்போது புல் முளைத்திருக்கிறது. ஆடுகள் மேய்கின்றன.
மழைமேல் மழை பிடித்த இரவுகளில்
கீழ்த்தெருக்காரர்கள்
காலணியோடு படுக்கிறார்கள்.

"நியாயமான ஊரில் அது இருக்காது, கண்ணு."
"அப்போ எங்கே போகும்?"

பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு, என்றார் ஒருவர்.
யோர்டானோஸ் அவரைப் பார்த்தாள்.
அவர் தன் கோப்பையைப் பார்த்தார்.
கடலுக்கு.
அதில் காசு பார்த்தவர்களின் தோட்டத்துக்கு!
இதற்குக் கைதட்டல்,
ஆனால் அவர்கள் விலாசம் யாரிடமும் இல்லை.

மாக்சென் காத்திருக்கவில்லை.
தேநீர்க் கொப்பரையின் அடியில் கிடந்த
ஈரத் தேயிலைப் பைகளை இரண்டு கையாலும் அள்ளிவந்து
பள்ளிக்கூடத்துக்கு மேலே கொட்டினான்.

யாரும் திட்டவில்லை.
பழுப்புத் தண்ணீர்
அவசரமே இல்லாமல் துணியில் இறங்கியது.
பள்ளிக்கூடம், பதினோராம் நிறுத்தம், என் மரங்கள்.
தெருவைத் தூக்கியது ஈவோரின் கை.
கதவைத் தூக்கினார் கெத்தின்.
ஜெபிக்கலாம் என்று போதகர் கை கூப்பச் சொன்னபோது
எங்கள் கைகளில் வீடுகள் இருந்தன.

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
மேட்டின் ஈரம் அளப்பது என் பிழைப்பு.
திங்கள்தோறும் குழாய்க்குள் அளவுநாடாவை இறக்கி
எண்ணை எழுதி அலுவலகத்துக்கு அனுப்புகிறேன்.
வெளியே சொல்ல அனுமதியில்லை
என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
"போன வாரத்தைவிட அதிகம்" என்று வந்தது.

மறுநாளும் மழை.
படிவத்தின் கடைசியில் 'குறிப்புரை' என்றொரு கட்டம்.
பதினோரு வருடமாக அதில் ஒரு கோடு இழுத்து வந்தேன்.
அன்று எழுதினேன்:
எங்கே போகும் என்று மாக்சென் கேட்கிறான்.
வயது ஏழு. மேட்டுக்கு முந்நூறு அடி கீழே படிக்கிறான்.

புதன்கிழமை திரும்பி வந்தது.
'கட்டங்களில் எண்கள் மட்டும் நிரப்பவும்.'

விரிப்பில் கறை போகவில்லை என்று
நெரிஸ் அன்று கடையில் சொன்னாள்.
வினிகர் போட்டாளாம், உப்புப் போட்டாளாம்.

வீட்டுக்கு வந்து படிவத்தை எடுத்தேன்.
7 என்று எழுதினேன்.
அதன் கீழே 300.