பத்துக்குக் கீழே

எங்கள் பள்ளி முன்பு பலசரக்கு அங்காடி.
ஆறாம் வகுப்பு உட்கார்ந்திருக்கும் இடத்தில்
உறைந்த கோழிகள் கிடந்தன.
தள்ளுவண்டிகள் போட்ட கோடு தரையில் இன்னும் இருக்கிறது,
எத்தனை தேய்த்தாலும்.
மில்வாக்கி, வடக்குப் பக்கம்,
பேருந்து மூச்சுவிட்டுத் திரும்பும் முனை.

நான் பாடம் எடுப்பதில்லை. அட்டவணை என் வேலை.
காலையில் பனி அப்பிய காலணியோடு வருகிறவர்கள்
மதியத்துக்குள் என்னிடம் விழுக்காடு ஆகிவிடுவார்கள்.
கறுப்பர் எண்பத்தொன்று.
லத்தீனோ பன்னிரண்டு.
இலவச உணவு தொண்ணூற்று நான்கு.
வாசிப்பில் தேறியவர் பத்தொன்பது. கணிதம் பதினொன்று.
கணிதத்தை மட்டும் முதல்வர் வேகமாகச் சொல்வார்,
படியில் தடுக்கியவர்
யாரும் பார்க்கவில்லை என்பதுபோல் நடப்பாரே, அப்படி.

சேர்க்கைப் படிவத்தைப் பார்த்து யாரிட்ஸாவின் அம்மா கேட்டாள்:
எதில் டிக் அடித்தால் இடம் கிடைக்கும்?
எதில் அடித்தாலும் சீட்டுக் குலுக்கல்தான் என்றேன்.
அப்புறம் எதற்குக் கேட்கிறீர்கள் என்றாள்.
பேனாவைத் திருப்பித் தரும்போது
மூடியைச் சரியாகப் பொருத்தித் தந்தாள்.

ஒரு விதி உண்டு.
பத்துப் பேருக்குக் குறைந்த கூட்டத்துக்கு எண் போடக் கூடாது.
இன்னார் என்று தெரிந்துவிடுமாம்.
நட்சத்திரக் குறி போட வேண்டும்.
ஆசியர் என்ற கட்டத்தில் எங்களுக்கு மூவர்:
ரோஹிங்கியா வீட்டு ஷோமிரா, அவள் தம்பி,
மோங் வீட்டு மாய் நியா.
மூவருக்கும் சேர்த்து ஒரு நட்சத்திரம்.

செப்டம்பரில் எழுத்துக் கூட்டத் தெரியாமல் வந்த ஷோமிரா
ஜனவரியில் ஒரு முழுப் பக்கம் வாசித்தாள்,
முற்றுப்புள்ளிகளில் நிற்காமல்,
நின்றால் விழுந்துவிடும் சைக்கிள்போல.
அந்த ஆண்டு அந்தக் கட்டடத்தில்
அதைவிடப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை.
அட்டவணையைக் காட்டினேன்.
இது நல்ல மார்க்கா என்றாள்.
ஆமாம் என்றேன்.
பொய் சொன்னதாக இன்றுவரை தோன்றவில்லை.

பிப்ரவரியில் டெமாரியன் ப்ரூயிட் போனான்.
எட்டாம் வகுப்பு. கணிதம்: மிகக் கீழ்.
வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று
அவன் அம்மா தொலைபேசியில் சொன்னாள்.
பின்னால் லாரிகளின் இரைச்சல்.
வெளியேறிய காரணம் என்ற இடத்தில்
எனக்குத் தரப்பட்ட சொற்கள் ஏழு.
'இடமாற்றம்' என்பதைத் தேர்ந்தேன்.

நாற்பத்து மூவரில் ஐவர் தேறியது
நாற்பத்து இருவரில் ஐவர் ஆனது.
பதினொன்று புள்ளி ஆறு
பதினொன்று புள்ளி ஒன்பது.
பன்னிரண்டு என்றே சொல்லலாம் என்றார் முதல்வர்,
என் தோளைத் தட்டி.
நல்ல மனிதர்தான். கூரை ஒழுகினால்
தானே வாளி வைப்பவர்.

வெள்ளிக்கிழமை டெமாரியன் வந்தான்.
பள்ளியின் கால்குலேட்டரை மேசையில் வைத்தான்.
பேட்டரி மூடி இல்லை, ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தான்.
அப்படியே நின்றான்.
இன்று பீட்சாவா என்றான்.
பீட்சாதான்.
அவன் உணவு எண்ணை நான்தான் அழித்திருந்தேன்.
என் எண்ணைத் தட்டினேன்.
இரண்டு துண்டு எடுத்தான், ஒன்றைத்
தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தான்.

அவன் போன பிறகு
வேலை செய்கிறதா என்று கால்குலேட்டரை அழுத்திப் பார்த்தேன்.
திருப்பி வாங்கினால் சோதித்துக் கையெழுத்திட வேண்டும்.
திரை, விட்ட இடத்திலேயே விழித்தது.

62 × 19
1178
1178 − 940
238

விமான நிலையச் சாலை விடுதிகளில்
ஒரு இரவுக்கு என்ன வாடகை என்று எனக்குத் தெரியும்.
எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு பழைய படிவத்தின் பின்பக்கத்தில்
கையாலேயே போட்டுப் பார்த்தேன்.
பெருக்கல் சரி.
கழித்தலும் சரி.